வெளுத்த தலையணை உறை

அத்தை யார் வீட்டுக்குப் போனாலும் மனிதர்களைப் பார்ப்பதற்கு முன்னால் தரையைத்தான் பார்ப்பாள். "வாங்க மதினி" என்று கூப்பிட்டவர்களுக்கு அவள் பதில் சொல்வதற்குள் முந்தானை இடுப்பில் ஏறியிருக்கும். விளக்குமாறு எங்கே என்று கேட்கவே மாட்டாள். அவளுடைய ஊரான தேவாரத்தில் எந்த வீட்டு விளக்குமாறு எந்தக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது என்பது அந்தந்த வீட்டு மருமகள்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒருமுறை தேனியில் என் வீட்டுக்கு வந்தவள், செருப்பைக் கழற்றிய சூட்டோடு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டாள். சுவரில் படிந்திருந்த கைத்தடங்களைத் தேய்த்து எடுத்த பிறகுதான் காப்பி குடித்தாள். அந்த மாதிரிக் கைத்தடங்களை வைத்துத்தான் எனக்குச் சம்பளமே வருகிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

நான் தேனி மாவட்டத்தில் தடய அறிவியல் அலுவலர். கொலை, திருட்டு, சந்தேக மரணம் என்றால் போலீசார் எங்களைக் கூப்பிடுவார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவோம். வேலை கிடைத்த செய்தியைச் சொல்லப் போனபோது அத்தை என்னைத் தன் முன்னால் உட்கார வைத்து விசாரித்தாள்.

"செத்த எடத்துல போயி என்னத்தா செய்வீக?"

"தடயம் எடுப்போம் அத்த. ரத்தம் சிந்தியிருந்தா எடுப்போம். முடி, எச்சி, நகத்துக்குள்ள இருக்குற அழுக்கு, காலுல ஒட்டுன மண்ணு, எல்லாத்தையும்."

"எடுத்து?"

"காயவச்சுக் காகித உறையில போட்டு, சீல் வச்சு, மேல அனுப்புவோம்."

அத்தை சிரித்த சிரிப்பில் அடுப்படியில் இருந்த பூனை எழுந்து ஓடியது. "அழுக்குக்குச் சீலு வைக்கிற உத்தியோகமா! அடி ஆத்தீ! இதுக்கா எங்கண்ணன் தோட்டத்த ஒத்திக்கு வச்சு உன்னைய எம்.எஸ்ஸி படிக்கப் போட்டாக? நான் படிக்காமயே அம்புட்டையும் அள்ளித் தூரப் போட்ருவேனே!"

அன்றைக்கு நானும் சேர்ந்துதான் சிரித்தேன். உறவுக்காரர்கள் கூடும் இடத்தில் எல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது யாராவது ஞாபகப்படுத்தினால் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

அவளைச் சுத்தக்காரி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது அநியாயம். அத்தைக்கு அழுக்கின் மேல் கோபமே கிடையாது. நாலு பேர் கண்ணில் அது படுவதுதான் அவளுக்குப் பொறுக்காது. "பாத்தவுக வாயி சும்மா இருக்குமா?" என்பாள். கல்யாண வீட்டில் குடித்துவிட்டு வாந்தி எடுத்த மாப்பிள்ளையின் சித்தப்பாவைச் சந்துக்குள் இழுத்துப்போய், முகம் கழுவி, வேறு வேட்டி கட்டிவிட்டுப் பந்தியில் கொண்டுவந்து உட்கார வைத்தவள் அவள். அந்த ஆள் யார் என்று இன்றுவரை என்னிடம்கூடச் சொன்னதில்லை.

எனக்கே செய்திருக்கிறாள். எட்டாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை. போடியில் ஒரு காதுகுத்து. பந்தியில் உட்கார்ந்து பாதிச் சாப்பாட்டில், மாதவிலக்கு வந்து பாவாடை நனைந்துவிட்டது எனக்குத் தெரிந்தது. இளமஞ்சள் பாவாடை. எதிர் வரிசை முழுக்க ஆண்கள். எழுந்தால் தொலைந்தேன். எழாவிட்டால் அடுத்த பந்திக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்கள். அத்தை தண்ணீர்ச் செம்போடு வந்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான். நேராக வந்து செம்புத் தண்ணீர் முழுவதையும் என் மடியில் கவிழ்த்தாள். பின்னாடியே பக்கத்தில் இருந்த குழம்பு வாளியும் சாய்ந்தது. "ஐயோ, இந்தக் கெழவி கை தவறிருச்சே! பச்சப் புள்ள பாவாடையப் பாழாக்கிட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பந்தியே அவளைத் திட்டியது. ஒரு பெரியவர் "கண்ணு தெரியலைன்னா ஓரமா ஒக்காரு" என்றார். அவள் எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டு, குழம்பு வழிகிற என்னைத் தன் முன்னால் விட்டு அணைத்தபடி வெளியே நடத்திக்கொண்டு போனாள். அப்போது அவளுக்கு நாற்பத்தைந்து வயதுகூட இருக்காது, கிழவியாம். அந்த ஒரு செம்புத் தண்ணீருக்காக அவளுக்கு நான் ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டவள். அதை நினைத்துக்கொண்டுதான் மற்றதையும் சொல்ல வேண்டும்.

சாவு வீடு என்றால் ஊரில் முதலில் அவளுக்குத்தான் ஆள் போகும். பெண் பிணம் என்றால் கேட்கவே வேண்டாம். குளிப்பாட்டுவது, மஞ்சள் பூசுவது, தலை வாருவது, சேலை கட்டுவது எல்லாம் அவள் கைதான். அதற்கு அவள் வைத்திருந்த ஒழுங்கு ஒன்று உண்டு. செத்தவர்களின் நகத்தை ஈர்க்குச்சியால் சுரண்டி எடுப்பாள். "நகத்து அழுக்கோட அனுப்பக் கூடாதுத்தா. போற எடத்துல என்னன்னு நெனப்பாக?" என்பாள். வாயைத் துடைப்பாள். படுக்கையில் ஏதாவது ஆகியிருந்தால் யாருக்கும் தெரியாமல் கொல்லைப்புறமாகக் கொண்டு போய் அலசுவாள். உடம்பு கடைசி நேரத்தில் என்னென்ன செய்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அவள் வெளியே வந்து "சுத்தமாப் போயிருக்காக, புண்ணியவதி" என்று சொன்ன பிறகுதான் ஊர் உள்ளே போகும். ஊரில் எல்லாப் பெண்களும் புண்ணியவதிகளாகவே செத்தார்கள்.

இனி நடந்தது.

அத்தை வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அவளுடைய பங்காளி வீடு. ஏலக்காய் வியாபாரம் செய்கிற குடும்பம். அந்த வீட்டுப் பையன் மேகமலை எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒரு அம்மாளின் ஒற்றை மகளை விரும்பிக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். சிரித்த முகம், கண் நிறைய மை. தெருவில் அந்தப் பெண்ணைப் பிடிக்காதவர்கள் அந்த வீட்டுக்குள் மட்டும்தான் இருந்தார்கள். ஒருநாள் முற்பகல், சின்னமனூரில் ஒரு கல்யாண வரவேற்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் வலிப்பு வந்து விழுந்து செத்துப்போனாள் என்றார்கள். அத்தைக்கு ஆள் போனது. பெண்ணைப் பெற்றவள் மலையிலிருந்து போனிலேயே கதறினாள், "எம்புள்ளைக்கு வலிப்பே கெடையாது, எடுத்துறாதீக, எடுத்துறாதீக" என்று. அவளே போலீசுக்கும் சொன்னாள். பாடை கட்டிய நேரத்தில் ஜீப் வந்து நின்றது. கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் என்பதால் ஆர்.டி.ஓ. விசாரணை, தடய அறிவியல் என்று எல்லோரையும் கூப்பிட்டார்கள்.

தேவாரம் என்று கேட்டதும் எனக்கு அத்தையின் ஈர்க்குச்சிதான் ஞாபகத்துக்கு வந்தது. வண்டி போகும் வழியெல்லாம் 'அத்தை ஊருக்குப் போயிருக்க வேண்டும், அத்தைக்குக் காய்ச்சலாக இருக்க வேண்டும்' என்று வேண்டிக்கொண்டே போனேன்.

வாசலில் இறங்கியதுமே பிளீச்சிங் பவுடர் வாசனை. அறைத் தரை பளபளவென்று இருந்தது, ஈரம்கூட இன்னும் காயவில்லை. கட்டில் வெறும் பலகையாக நின்றது. பாயையும் தலையணையையும் தெருமுனையில் எரித்துவிட்டிருந்தார்கள், அது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தப் பெண் மஞ்சள் பூசி, தலை வாரி, பூ வைத்து, பட்டுச்சேலை கட்டி, பெஞ்சில் கிடந்தாள். நான் கையுறை மாட்டிக்கொண்டு அவள் விரல்களைத் தூக்கிப் பார்த்தேன். பத்து நகமும் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தன. அவளுடைய புருஷனின் கழுத்தில் காதுக்குக் கீழே இரண்டு கீறல் இருந்ததை நான் உள்ளே வரும்போதே பார்த்திருந்தேன். திராட்சைப் பந்தல் கம்பி கிழித்தது என்றானாம். அது கம்பியா நகமா என்று சொல்லியிருக்கக்கூடிய துளித் தோல் ஒரு ஈர்க்குச்சியோடு சாக்கடைக்குப் போய்விட்டது.

இன்ஸ்பெக்டர் கத்தினார். "யாருய்யா இதெல்லாம் கழுவுனது?"

கொல்லைப்புறத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள் அத்தை. என்னைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததை நான் சாகிறவரை மறக்க முடியாது.

"வாத்தா! ஏங்க, இது எங்கண்ணன் மகதேன்! பெரிய உத்தியோகம்!" என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "நீ வாரதுக்குள்ள எல்லாஞ் சுத்தம் பண்ணிட்டேன்த்தா. உனக்கு வேலையே இல்ல" என்றாள்.

என்கூட வந்த போட்டோகிராபர் கேமராவைக் கீழே இறக்கினார். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். ஒரு கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்க இருமினார். பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது. எனக்கு இந்த அம்மாள் யாரோ என்று கத்த வேண்டும் போல இருந்தது. அதே நேரம் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவிட வேண்டும் போலவும் இருந்தது. அவள் எனக்குக் காப்பி போட அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"ஏதாச்சும் பாத்தீங்களாம்மா? ரத்தம் கித்தம்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, "ஒண்ணுமில்லீங்க. சுத்தமாப் போயிருச்சு புள்ள" என்று வழக்கமான பதிலைச் சொன்னாள். அதை எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

கொல்லையில் கொடியில் ஒரே ஒரு துணி காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளைத் தலையணை உறை. தலையணையே எரிந்துபோன வீட்டில் உறை மட்டும் எதற்குக் காய்கிறது? அதை எடுத்துக் காகித உறையில் போட்டு முத்திரை வைத்தேன். அன்று எனக்குக் கிடைத்த ஒரே பொருள் அதுதான்.

மறுநாளே நான் மேலதிகாரியிடம் உறவு முறையைச் சொல்லி ஒதுங்கிக்கொண்டேன். மதுரையிலிருந்து வேறு ஒருவர் வந்து பொறுப்பெடுத்தார். பிரேதப் பரிசோதனையில், உதட்டின் உட்பக்கம் பல் பட்டுக் கிழிந்திருப்பதாகச் சொன்னார்கள். முகத்தை அமுக்கினாலும் அப்படி ஆகும், வலிப்பிலும் ஆகலாம் என்று டாக்டர் எழுதினார். எல்லாம் ஆகலாம், ஆகலாம் என்றே முடிந்தது.

அந்த வாரக் கடைசியில் அத்தை வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஒறைய எதுக்குத் தொவச்சீக? தலகாணியோட சேத்து எரிக்க வேண்டியதுதான?"

கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள்.

"எப்படித்தா எரிப்பேன்? அதுல அந்தப் புள்ள மூஞ்சி இருந்துச்சே."

எனக்கு விளங்கவில்லை.

"மூஞ்சித்தா. அச்சு எடுத்தாப்புல. நெத்தியில குங்குமம். கீழ ரெண்டு கண்ணு, முழிச்ச கண்ணு, மை அப்படியே சுத்திவரப் பதிஞ்சு. வாயி இருக்குற எடத்துல ரத்தம். தலகாணி தலமாட்டுலகூட இல்ல, கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு. நான் எடுத்துத் திருப்புனா, அது என்னைய மொறச்சுப் பாக்குது. மூஞ்சியோட தூக்கி நெருப்புல போட மனசு வருமா? தெருவே நிக்குது அங்கன. அதேன் ஒறைய மட்டும் உருவி வெந்நியில ஊறப்போட்டு, சவுக்காரம் போட்டு, பிளீச்சிங் போட்டு... போற வரைக்கும் தேச்சேன்."

நான் அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வகுப்பெடுக்கும்போது காவலர்களுக்கு நான் சொல்வதுண்டு: ரத்தமும் எச்சிலும் ஒரு வகைத் தடயம், அவை யாருடையது என்று சொல்லும், பதிந்த தடம் இன்னொரு வகை, அது எப்படி நடந்தது என்று சொல்லும், இரண்டும் ஒரே பொருளில் கிடைப்பது அபூர்வம் என்று. கொலை நடந்த விதம் முழுவதும் ஒரு முழத் துணியில், மை வைத்து, கையெழுத்துப் போட்ட மாதிரி இருந்திருக்கிறது. அதை எங்கள் அத்தை வெந்நீரில் ஊறப்போட்டிருக்கிறாள்.

"இன்ஸ்பெக்டரு கேட்டப்ப ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்லுவேன்?" அவள் குரல் இறங்கியது. "அதோட விட்டுச்சா? சேல பூராம் ஒண்ணுக்கு நனைஞ்சு கெடந்துச்சு. மல்லுக்கட்டியிருக்கு பாவம். அதையும் சேத்துல்ல கேப்பாக. அம்புட்டு ஆம்பளைக நிக்குற எடத்துல, சின்னப் புள்ள, சேலையில மோண்டு செத்துச்சுன்னு நாஞ் சொல்லணுமாக்கும்?"

"என்கிட்டச் சொன்னதையே அங்கன சொல்லுங்க அத்த."

"நீயே சொல்லிரு. உனக்குத்தேன் இங்கிலீசு தெரியும்."

நான் சொன்னால் செல்லாது. பார்த்தவர் வாயால்தான் வர வேண்டும். கேட்டவர் சொன்னால் கோர்ட்டு அதைக் காதில் போட்டுக்கொள்ளாது. பிளீச்சிங் பட்ட துணியில் எந்தச் சோதனையும் ஒழுங்காகப் பேசாது. ரத்தம் இல்லாத இடத்திலும் இருக்கிற மாதிரி நிறம் காட்டும். ஆய்வகத்திலிருந்து 'முடிவு கூற இயலவில்லை' என்றுதான் வந்தது. ஆக அந்தப் பெண்ணுக்கு மிச்சம் இருந்த ஒரே தடயம் அத்தையின் வாய். பார்த்தது எதையும் வெளியே விடாத வாய்.

அத்தை ஒரு மாதம் தூங்கவில்லை. பங்காளி வீட்டு மாமியார் வந்து, "மதினி, நம்ம குடும்பத்து மானம் உங்க கையில இருக்கு" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனாளாம். மானத்தின் பேரைச் சொன்னால் அத்தை எதையும் செய்வாள் என்று அவளுக்குத் தெரியும். இந்தத் தடவை, கண்ணை மூடினால் தலையணையில் பார்த்த அந்த மூஞ்சிதான் வந்து நின்றதாம். மறுநாள் காலையில் அத்தை தேனி பஸ் ஏறி என் அலுவலக வாசலில் வந்து நின்றாள். "எங்க போயிச் சொல்லணும், கூட்டிட்டுப் போ" என்றாள். மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம் கொடுத்தாள். அன்றிலிருந்து தெருவில் அவளுக்கு ஆள் அனுப்புவது நின்றது. கல்யாணத்துக்கும் இல்லை, சாவுக்கும் இல்லை.

புருஷன் மேல் போட்ட கொலை வழக்கு கோர்ட்டுக்கு வர வருஷங்கள் ஆயின. அத்தை சாட்சி சொன்ன அன்று மலையில் நல்ல மழை. எஸ்டேட் பஸ் இறங்காததால் பெண்ணைப் பெற்றவளால் வர முடியவில்லை. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அத்தை கூண்டில் ஏறியதும் முதலில் செய்தது, அதன் கைப்பிடிக் கட்டையை முந்தானையால் துடைத்ததுதான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வேண்டுமானால் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கிறேன் என்றார் நீதிபதி. அத்தை ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தாள். பங்காளிகள் எல்லோரும் வந்திருந்தார்கள்.

"வேண்டாமுங்க. இருக்கட்டும். இவுக முன்னாடி மறைக்கணும்னுதேன் கழுவுனேன். இவுக முன்னாடியே சொல்லிப்புடுறேன்."

சொன்னாள். சேலை நனைந்திருந்ததைச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டாள். ரகசியம் சொல்வது போல் குரல் தேய்ந்தது. "சத்தமாச் சொல்லுங்கம்மா" என்று தட்டச்சு செய்கிற பெண் கேட்டாள். அத்தை மறுபடி சத்தமாகச் சொல்ல வேண்டி வந்தது. முன் வரிசையில் யாரோ "ச்சீ" என்றார்கள். அந்த 'ச்சீ' செத்தவளுக்கா அத்தைக்கா என்று தெரியவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எதிர்த் தரப்பு வக்கீல் மரியாதையான மனிதர். அதுதான் கொடுமை. காகித உறையைப் பிரித்து அந்தத் துணியை அவளிடம் கொடுக்கச் சொன்னார்.

"இதுதானாம்மா?"

"இதேன்."

"நீங்க சொல்ற முகம் இதுல எங்க இருக்கு? கொஞ்சம் காட்டுங்க."

அத்தை துணியைக் கட்டையின் மேல் விரித்தாள். இரண்டு உள்ளங்கையாலும் நீவிவிட்டாள். "இங்கன நெத்தி. குங்குமம் இங்கன. இது ஒரு கண்ணு, இது ஒரு கண்ணு, ரெண்டும் முழிச்சபடி. இங்கன வாயி" என்று வெறும் வெள்ளைத் துணியில் விரலை வைத்து வைத்துக் காட்டினாள். 

"எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா."

"தெரியாது சாமி. நாந்தேன் வெளுத்துட்டேனே."

"போலீஸ் கேட்டப்ப ஒண்ணுமே இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்ப இருந்துச்சுங்கிறீங்க. எது பொய்?"

"அன்னைக்குச் சொன்னதுதேன் பொய்யி. வெக்கத்துல சொன்னேன்."

"தடயத்தை அழிக்கிறது குற்றம்னு தெரியுமா உங்களுக்கு?"

"அன்னைக்குத் தெரியாது. இப்பத் தெரியுது. எம்மேலயும் கேசப் போடுங்க. எழுதிக்கங்க."

துணியை நாலாக மடித்து வைத்துவிட்டுக் கூண்டிலிருந்து இறங்கினாள். வெளியே வராந்தாவில் என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "பூராத்தையும் அவுத்துப் போட்டாப்புல இருக்குத்தா." எத்தனையோ வீட்டில் குனிந்து பெருக்கியவள் தலைகுனிந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தீர்ப்பு நாளில் மழை இல்லை. அந்தப் பெண்ணின் அம்மாவும் மலையிலிருந்து வந்திருந்தாள். குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று புருஷனை விடுதலை செய்தார்கள். முக்கியமான தடயம், அதைக் கண்ட சாட்சியாலேயே அழிக்கப்பட்டுவிட்டது என்று நீதிபதி வாசித்தபோது, பங்காளி வரிசையில் ஒருவர் திரும்பி அத்தையைப் பார்த்துச் சிரித்தார். நன்றி சொல்கிற மாதிரி இருந்தது அந்தச் சிரிப்பு. அத்தை அதையும் பார்த்தாள். இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

கூட்டம் கலைவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று அவளைக் கூட்டிக்கொண்டு பக்கத்துப் படிக்கட்டு வழியாக இறங்கினேன். பாதிப் படியில் அந்தப் பெண்ணின் அம்மா நின்றுகொண்டிருந்தாள். ஒல்லியான பெண், பாலியஸ்டர் சேலை, தேயிலை கிள்ளிக் கிள்ளிக் கறுத்த விரல்கள். அத்தை சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்து நான் நடுவில் போனேன்.

"அக்கா, நில்லுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றாள் அவள். "நான் மலையில இருந்து வாரதுக்குள்ள பொட்டு வச்சு, பூ வச்சுப் பொம்ம கணக்காப் படுக்க வச்சிருந்தாக. எம்புள்ளையோட நெச மூஞ்சிய நீங்கதேன் கடைசியாப் பாத்தீகளாம். அந்தத் தலகாணியில. கோர்ட்டுல சொன்னீகன்னாக. எனக்கு முழுசா யாரும் சொல்லல."

அவள் ஒரு படி ஏறி அத்தையின் பக்கத்தில் வந்தாள்.

"கண்ணு தொறந்திருந்துச்சாக்கா? மூடியிருந்துச்சா?"

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கூண்டில் சொன்னது எல்லாம் கோர்ட்டுப் பதிவில் இருக்கிறது. அடுப்படியில் என்னிடம் சொன்னது என் காதில் இருக்கிறது. பிறகு அந்தக் கறுத்த விரல்களை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"மூடித்தேன் இருந்துச்சு தாயி. நல்லா மூடியிருந்துச்சு. தூங்குற புள்ள கணக்கா."

அந்த அம்மாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெகு நேரம் அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்ப, அமுக்குனது யாருன்னு எம்புள்ள பாக்கல" என்றாள். "கட்டுனவன்தேன்னு தெரியாமயே போயிருச்சு. இல்லக்கா?"

அத்தை ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள்.

நானும் ஆட்டினேன்.